ட்ரான்டர் வீட்டுப் பெட்டியின் விலை

1965-இல் ஹோரஸ் ட்ரான்டரின் அப்பா, பர்மிங்காமில் பாதி வீடு வாங்கும் பணத்துக்கு மெல்லோட்ரான் என்ற பியானோ மாதிரியான இசைப்பெட்டி ஒன்றை வாங்கினார். கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலிநாடா. அழுத்தினால், எவரோ எப்போதோ வாசித்துப் பதிந்த வயலின் எட்டு விநாடி ஒலித்து அடங்கிவிடும். அதை நம்பித் தன் நடனக் குழுவின் வயலின்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். மேயர் வந்திருந்த விருந்தில் நாடா சிக்கிக்கொண்டது. ஜோடிகள் தூக்கிய காலோடு நின்றார்கள். பிறகு அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. ஹோரஸின் தங்கை கணவன் கிளைவ் அதற்கு 'மாமனார் சவப்பெட்டி' என்று பெயர் சூட்டி, ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரித்து வந்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. அந்தப் பெட்டிக்கு நல்ல கார் ஒன்றின் விலை தருகிறார்களாம். லண்டனிலிருந்து இமோஜென் என்ற வியாபாரி வருகிறாள் என்றதும் ஹோரஸ் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு கிளைவையும் வரச்சொன்னார். ட்ரான்டர் பெயரைக் கேலி செய்த வாய் இன்றோடு மூடவேண்டும்.

"என்ன மச்சான், சவப்பெட்டிக்கு மெழுகெல்லாம் போட்டிருக்க?"

"வாயை மூடிட்டு வேடிக்கை பாரு."

இமோஜென் ஒரு கட்டையை அழுத்தினாள். பிசிறில்லாத வயலின். அவள் முகம் சுருங்கியது.

"சார், பின்னாடி உலகப் புகழ் ஆன பாண்டுக்காரப் பசங்க அந்தக் காலத்துல உங்க கராஜ்ல தங்கியிருந்தாங்களாமே? அவங்க கத்திப் பதிஞ்ச நாடா இதுல இருக்குன்னாங்க?"

"குடிகாரக் கூச்சல்மா அது! கெட்ட வார்த்தை வேற. வர்றவங்க காதுல அது விழலாமா? போன வாரமே எல்லாத்தையும் உருவி எரிச்சுட்டேன். இப்ப அத்தனையும் புது நாடா."

"அதுக்குத்தான் சார் அந்த விலை. புது நாடா போட்ட பெட்டி எங்ககிட்டயே மூணு கிடக்கு."

கிளைவுக்குத் தேநீர் புரையேறியது. "மாமனார் பாதி வீட்டைத் தொலைச்சார். நீ ஒரு காரையே கொளுத்திட்ட மச்சான்! குடும்ப மானம் நல்லா எரிஞ்சுதா?"

ஹோரஸ் விறைப்பாகவே நின்றார். இமோஜென் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும், கோட்டு பறக்கப் பின்னாலேயே ஓடினார்.

"ஏம்மா, அந்தப் பசங்கள்ல எவனாவது உசுரோட இருக்கானா? கூட்டிட்டு வா, திரும்பக் கத்தச் சொல்லிப் பதிஞ்சுக்கலாம்."

"ஒருத்தர் இருக்கார் சார். இப்ப சர்ச்ல பாதிரியார்."

ஹோரஸ் கிளைவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"கெட்ட வார்த்தையெல்லாம் மறந்திருக்க மாட்டாரில்ல?"