முப்பதாவது அளவு

சௌகத் அலி வாத்தியாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கணக்குக்கு விடை சொல்லவே மாட்டார். ஊரில் மற்ற வாத்தியார்களெல்லாம் சூத்திரத்தைப் பலகையில் எழுதிப்போட்டு, ஒப்பிக்காதவன் காதைத் திருகிக்கொண்டிருந்த காலம் அது. 1956. இந்த மனுஷர் மட்டும் நாலாம் பாரத்துப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போய், "யார் சொன்னாலும் நம்பாதே. நீயே பார். பார்த்ததை எழுது. எழுதாத அளவு அளவே இல்லை" என்பார். அவர் வகுப்பில் அதுதான் சட்டம்.

மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்தது பள்ளிக்கூடம். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஜில்லா கல்வி அதிகாரி ஒரு நாள் வந்து பாடத்தைப் பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நிற்கும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறு வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறியாயிற்று. "இந்த ஊரிலாவது வாயை மூடிக்கிட்டு எல்லாரையும் மாதிரி பாடம் நடத்துங்களேன்" என்று செங்கல்பட்டு வீட்டிலிருந்து புறப்படும்போது மனைவி ஹபீபா கெஞ்சித்தான் அனுப்பினாள். எங்கே கேட்டார்!

ஒரு வியாழக்கிழமை அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிது. கடலுக்குள்ளே தனியாக ஒரு கறுப்புக் கல் நின்றது. ஆள் உயரம் இருக்கும். "தண்ணியில கால் வைக்காம அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லணும். எப்படி?"

பிள்ளைகள் அரை நாள் மண்ணில் கோடு கிழித்து அழித்து, கடைசியில் அவர்களே வழியைக் கண்டுபிடித்தார்கள். கல்லுக்கு நேர் எதிரே கரையில் ஒரு முளை அடிப்பது. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, முளையிலிருந்து கரையோரமாகவே நடப்பது. காகிதத்தின் ஒரு ஓரம் முளையைப் பார்த்திருக்க, மடிப்பின் ஓரத்தில் கல் தெரிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். நடந்த தூரம் கயிற்றால் அளந்தால் எவ்வளவோ, கல்லும் முளையிலிருந்து அவ்வளவு தூரம். சௌகத் அலிக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. அன்றைக்கே தலைமையாசிரியர் ராஜாராமிடம் போய், அதிகாரி வரும்போது இந்தப் பாடத்தைத்தான் காட்டப்போகிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

ஆறு குழு ஒன்றன்பின் ஒன்றாக அளந்தது. முதல் குழுவுக்கு அறுநூறு கஜம். அடுத்ததற்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்து ஐந்நூற்று எண்பது. ஆறாவது குழு ஐந்நூற்று ஐம்பதில் வந்து நின்றது.

"கயிற்றைச் சரியாப் பிடிக்கலையா?" என்றார்.

அப்போதுதான் வேண்டா எழுந்தாள். குப்பத்தில் மீன்பிடிக்கிற சின்னராசுவின் மூன்றாவது பெண். போதும் என்று நினைத்து வைத்த பெயர். வகுப்பில் அவளை மாதிரி மண்டை யாருக்கும் கிடையாது.

"தப்பு பண்ணா ஒருத்தன் கூட சொல்லுவான், ஒருத்தன் கொறச்சு சொல்லுவான். அல்லாரும் ஒரே பக்கமா, பத்துப் பத்தா தப்பு பண்ணுவாங்களா சார்? கல்லுதான் வந்துகினு கீது."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "எப்படிச் சோதிச்சுப் பார்க்கலாம்?" என்று கேட்டார். பாருங்கள், அந்த மனுஷருக்குக் கேட்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது.

மறுநாள் பிள்ளைகள் பக்கத்திலிருந்த வேறொரு பாறையை ஆறு தடவை அளந்தார்கள். ஆறு தடவையும் இருநூற்றுப் பத்து. கயிறும் சரி, காகிதமும் சரி. சனி, ஞாயிறு யாரும் கடற்கரைப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை வேண்டா ஒரே ஒரு தடவை கறுப்புக் கல்லை அளந்தாள். சரியாக ஐந்நூற்று நாற்பது.

மூன்று நாள் சும்மா விட்டதற்கு அது அசையவே இல்லை. அளந்தால் மட்டும் பத்து கஜம்.

"எங்க குப்பத்துல அத்த யாரும் கணக்கு பார்க்க மாட்டாங்க சார்" என்றாள் வேண்டா மெதுவாக. "கடல்ல வல போட்ட எடத்துக்கு மலையையும் கோபுரத்தையும் நேர் பார்த்துதான் அடையாளம் வெப்பாங்க. இந்தக் கல்ல மட்டும் நேர் பார்க்க மாட்டாங்க. மூஞ்சியத் திருப்பிகினு போயிடுவாங்க. முன்ன ஒரு தபா கரையேறிச்சாம்."

"ஏறி?"

"அப்ப இங்க ஒரு குப்பம் இருந்துச்சாம். அதோட பேரு யாருக்கும் தெரியல சார்."

சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு வீடும் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும் மணலைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் அவர் பழக்கிய பிள்ளைகள் அல்லவா, உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வேண்டா அளந்ததால் இப்போது ஐந்நூற்று முப்பது. அதிகாரி முன்னால் முப்பது பேரும் தனித்தனியாக அளந்து காட்ட வேண்டும் என்பது தலைமையாசிரியர் உத்தரவு. முந்நூறு கஜம் போனாலும் இருநூற்று முப்பது மிச்சம். பயமில்லை. அதைத் தவிர இனிமேல் கல்லை அளப்பதில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். வாத்தியாரும் போட்டார்.

போட்டவர் சும்மா இருந்தாரா? மறுநாள் காலை, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால், கையில் மடித்த காகிதத்தோடு தனியாகக் கரையில் நின்றார். நம்ப முடியவில்லை அவரால். ஒரே ஒரு தடவை என்று அளந்தார். ஐந்நூற்று முப்பது. இன்னொரு தடவை. ஐந்நூற்று இருபது. கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அசைவதில்லை. குனிந்து காகிதத்தைச் சரிசெய்து நிமிர்ந்தால், முன்பும் அங்கேதான் இருந்தது போல நிற்கும். அதன்மேல் அலை உடைவதில்லை. நுரை இரண்டாகப் பிரிந்து விலகிக்கொண்டது. சுற்றிலும் கடல், கல் மட்டும் உலர்ந்து கிடந்தது.

ஆறு நாளில் இருபத்து மூன்று தடவை அளந்தார். ஒன்றைக்கூட நோட்டில் எழுதவில்லை. பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது? மிச்சம் முந்நூறு. முப்பது பேர். கணக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தினமும் இரண்டு பேராவது பள்ளிக்கு வரமாட்டார்கள், இருபத்தெட்டோடு நின்றுவிடும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார்.

அதிகாரி வருகிற நாளில் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பிள்ளை குறையுமா? ராஜாராம் வீடு வீடாக ஆள் அனுப்பிவிட்டார். முப்பது பேரும் தலைக்கு எண்ணெய் தடவி, துவைத்த சட்டையில் வரிசையாக நின்றார்கள். கல்வி அதிகாரி கங்காதரன் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷர், ஆர்வமாகத்தான் வந்திருந்தார்.

முதல் பையன் அளந்து முளை அடித்தான். முந்நூறு. வேண்டா சட்டென்று தலையைத் தூக்கினாள். "சார், ஐந்நூத்தி முப்பது இல்ல வரணும்?"

"கேள்வி கேட்காதே. அளந்து எழுது" என்றார் சௌகத் அலி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். இருநூறு. நூறு. ஐம்பது. மணலில் ஒவ்வொருவர் அடித்த முளையும் முதல் முளையை நெருங்கி வந்தது. குப்பத்துக்காரர்கள் கட்டுமரங்களைத் தூரத்துக்கு இழுத்துப் போய்விட்டிருந்தார்கள். ஒருத்தரும் இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை.

இருபத்தொன்பது முடிந்தது. கல் முதல் முளையிலிருந்து பத்தே கஜத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றது. அதன் கரைப்பக்கம் வழவழவென்று இருந்தது. காற்று நின்றுபோயிருந்தது.

"ஓ, இதுதானா?" என்றார் அதிகாரி, நோட்டிலிருந்து தலையைத் தூக்கி. "நான் வரும்போதே இங்கேதானே இருந்தது?"

ராஜாராமும் ஆமாம் என்று தலையாட்டினார்.

முப்பதாவது ஆள் வேண்டா. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "நான் பார்க்க மாட்டேன். நடுவுல யாரோ இருபத்தி மூணு தபா பார்த்து எழுதாம உட்டுருக்காங்க."

"யாரும்மா?" என்றார் அதிகாரி.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். "நான்தான்" என்றார் சௌகத் அலி. முப்பது பிள்ளைகள் முன்னால், ஒன்று விடாமல் சொன்னார். "இன்னும் ஒரு தடவை யாராவது அளந்தா அது கரையேறிடும் சார். தயவுசெஞ்சு நிறுத்திடுங்க."

கங்காதரன் கோபிக்கவில்லை. உற்சாகமாக நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார். உங்க சட்டம்தானே மிஸ்டர் அலி? அருமையான சட்டம். கொடும்மா இங்கே." வேண்டாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு, முளையிலிருந்து பத்து கஜம் நடந்து, அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார்.

சௌகத் அலி பாய்ந்து பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அதிகாரியின் மூக்குக் கண்ணாடி மணலில் விழுந்தது. காகிதத்தைச் சுக்குச்சுக்காகக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டார்.

அறிக்கையில் இரண்டே வரிதான் இருந்தது. இந்த ஆசிரியர் பார்த்ததை மறைக்கிறார். பிறரைப் பார்க்கவும் விடுவதில்லை.

மறுநாள் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினார். வேண்டா ஓடிவந்து ஜன்னல் வழியாக நோட்டைக் கொடுத்தாள். இருபத்து மூன்று அளவையும் அவர் சொன்னபடி வரிசையாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வகுப்பின் இருபத்தொன்பது அளவு, கடைசியில் முப்பது என்று எண் போட்டு, எதிரே வெறுமனே விட்டிருந்தாள்.

"அது இன்னும் அங்கதான் நிக்குதா?"

"தெரியாது சார். நாங்க அல்லாரும் மூஞ்சியத் திருப்பிகினு போறோம்."

பஸ் கிளம்பியது. அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து கஜம். வந்தால் என்ன ஆகும்? பெயர் தெரியாத குப்பத்துக்கு என்ன ஆனது? ஒரே ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். சவுக்குத் தோப்பு இடைவெளியில் கடல் தெரிந்தது. என்னவோ உறுத்துகிறதே என்று குனிந்தால், கையிலிருந்த டிக்கெட்டை மூலைக்கு மூலை மடித்து வைத்திருந்தார்.

யா அல்லாஹ் என்று அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். செங்கல்பட்டு வந்து சேரும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.