தலைகீழாக வைத்த தாள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் குடியிருப்புக்கு அறுபது வயதாகிறது, வரலாறு எழுதித் தாருங்கள் என்றார் நலச்சங்கத் தலைவர். நான் ஒரு காலத்தில் கதை எழுதியவள் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

முதல் தொடக்கம்: நகர நெரிசலுக்கு அப்பால், பரந்த வெளியில், தொலைநோக்கோடு...

[அடித்துவிட்டேன். அன்றைக்கு அங்கே இருந்தது சேறு.]

2.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனையிலும் அடுப்படி தெருவைப் பார்க்கிறது. வாசற்கதவு பின்மதிலைப் பார்க்கிறது. நடுவே ஒரு முழம் இடைவெளி. வாசல் வழியாக ஒல்லியானவர்கள் மட்டும் வரலாம். மற்ற எல்லோரும் அறுபது வருடமாக அடுப்படி வழியாகத்தான் வருகிறார்கள். தபால்காரர் கடிதத்தோடு, பால் பொங்குகிறது என்ற தகவலையும் தந்துவிட்டுப் போவார். ஒருமுறை என் நாத்தனார் யாருக்கும் தெரியாமல்...

[இந்த வாக்கியத்தை முடித்தால் எனக்குப் புகுந்த வீடு இருக்காது.]

3.

இதற்கெல்லாம் காரணமானவர் முதல் தெருவில் இருக்கிறார். வீட்டு வசதி வாரியத்தில் டிரேசராக, அதாவது பொறியாளர்களின் வரைபடங்களை மெல்லிய தாளில் நகலெடுப்பவராக இருந்தவர். ஒருநாள் வீட்டின் படத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுத்துவிட்டார். மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்ததாம். மேலதிகாரி கையெழுத்து இருக்கிறதே என்று கட்டிவிட்டார். டிரேசர் அதோடு நில்லாமல் அதிலேயே ஒரு வீட்டை வாங்கிக் குடியும் வந்தார். (இவரை நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.)

தலைவர் சொன்னது இது. வாரியம் எல்லாவற்றையும் இடிக்கப் பார்க்கிறது. 'தெருவோடு உறவாடும் சமையலறை' என்று யோசித்தே கட்டியதாக வரலாறு சொன்னால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று விட்டுவிடுவார்கள். தப்பு என்று எழுதினால் நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும்.

டிரேசரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"தப்புன்னே எழுதுங்கம்மா," என்றார். "முப்பத்தஞ்சு வருஷத்துல ஆயிரம் படம் சரியா போட்டிருக்கேன். ஒண்ணுலயும் என் பேர் இல்ல. இது ஒண்ணுதான் நான் போட்டதுன்னு நாலு பேருக்குத் தெரியும்."

4.

சாத்தியமான முடிவுகள்:

அ) உண்மையை எழுதுகிறேன். அவர் பெயர் நிற்கிறது, வீடு நிற்கவில்லை.

ஆ) பொய்யை எழுதுகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அவரைத் தவிர.

இ) அவரேதான் யோசித்துத் திருப்பி வைத்தார், அவர் ஒரு மேதை. (இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் ஒப்பவில்லை. "வேணும்னே செய்ய எனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தா?")

5.

பொய்யைத்தான் எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் படித்தார். நடை நன்றாக இருக்கிறது என்றார். ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்திக் கொடுத்தார். பிறகு மறுபடி முதல் பக்கத்துக்குப் போய், வரிவரியாக விரலை வைத்துத் தேடினார்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

அச்சகத்து ஆள் தாள்களை வாங்கிப்போக வந்து நிற்கிறார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். வாசகரே, இந்தாருங்கள் பேனா. நீங்கள் இந்தக் குடியிருப்பில் இல்லை, உங்கள் வீட்டை யாரும் இடிக்கப்போவதில்லை. அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள்.