வளையமும் ரொட்டிக்காரரின் தூக்கமும்

கிரீஸ் நாட்டின் கவாலா துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருப் பள்ளிக்கு அந்த வருஷம் ஸ்மார்ட் போர்டு வந்தது. கரும்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினார்கள். மாட்டிய அன்று ஆசிரியர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது என்னவென்றால், பாடப்புத்தகத்தில் இருந்த பக்கம் சுவரிலும் தெரிந்தது. அவ்வளவுதான். லெமோனியா முன்பு சுண்ணாம்புத் தூசியில் தூங்கினாள், இப்போது நல்ல வெளிச்சத்தில் தூங்கினாள்.

லெமோனியாவுக்குப் பதினான்கு வயது. அப்பா மீன்பிடிப் படகு வைத்திருந்தார். வகுப்பில் தூங்குகிற இந்தப் பெண் பள்ளிக்குப் பின்பக்கம் போய்விட்டால் கண் சிமிட்ட மாட்டாள். அங்கேதான் கூடைப்பந்து வளையம் இருந்தது. ஊருக்குள் வேறு வளையமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கெல்லாம் மீசை முளைத்த தடியன்கள் நிற்பார்கள், ஒரு பெண்ணைப் பந்து தொட விடமாட்டார்கள். இந்த ஒரு வளையம்தான் அவளுடையது. வசந்த காலத்தில் நகர அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அதுவரை தினமும் மத்தியானம் பந்து போட்டாக வேண்டும்.

அந்த மத்தியானம்தான் வம்பு. வளையத்தைத் தாங்கிய இரும்புக் கைகளைப் பள்ளி மைதானத்தின் பின்பக்கச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தச் சுவரையே தன் சுவராகக் கொண்ட பக்கத்து வீட்டில்தான் ரொட்டிக்கடை அனெஸ்டிஸின் படுக்கையறை, அதன் ஜன்னல் மைதானத்தைப் பார்த்திருந்தது. ராத்திரி முழுக்க அடுப்படியில் வேகிற மனிதர், ஊர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில்தான் கட்டிலில் விழுவார். விழுந்த கொஞ்ச நேரத்தில் பனியனோடு ஜன்னலுக்கு வந்து கத்துவார்.

"மனுஷன் தூங்குற நேரமா இல்லையாடா இது? உங்களையெல்லாம் பெத்தாங்களா, சந்தையில வாங்கினாங்களா?"

அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மத்தியான ஓய்வு நேரத்தில் ஒருவன் துளைபோடும் கருவியைத் தொட்டால் போலீஸ் வந்து நிற்கும். கடைசியில் அனெஸ்டிஸ் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தலைமையாசிரியர் ஃபோடியாடிஸ் அதை இரண்டு தடவை படித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டம், மறுநாள் நகராட்சி ஆள் வந்து வளையத்தைக் கழற்றுவார் என்று அறிவித்துவிட்டார்.

லெமோனியாவும் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை வாயே திறக்காமல் விளையாடுவது என்று கூட விளையாடுகிற எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தாள். எங்கள் ஆட்கள் வாயை மூடினால் கை சும்மா இருக்குமா? பந்து கேட்கவும், தப்பைக் கத்தவும், நடுவரைத் திட்டவும் கை மட்டும்தான். அவள் கூட்டாளி ஸ்டெர்கியோஸ் இரண்டு கையாலும் ஒருவனைத் திட்டியதில் பந்தையே தவறவிட்டான். ஒரு சத்தமில்லை. அப்படியும் ஜன்னல் படாரென்று திறந்தது.

"இன்னைக்கு முன்னைவிட மோசம்டா!"

லெமோனியாவுக்கு அழுகை வந்துவிட்டது. கத்தினாலும் எழுந்திருக்கிறார், கத்தாவிட்டாலும் எழுந்திருக்கிறார். இனி மூச்சை நிறுத்திவிட்டுத்தான் விளையாட வேண்டும்.

மறுநாள் இயற்பியல் வகுப்பில் ஒலி பற்றிய பாடம். தற்காலிக ஆசிரியை தொமயீஸ் அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள், அடுத்த வருஷம் எந்தத் தீவுக்கு அனுப்புவார்களோ அவளுக்கே தெரியாது. போர்டில் வண்ண வண்ணமாக அலைகள் நெளிந்தன. ஸ்டெர்கியோஸ் நேற்றைய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. தொமயீஸ் சிரிக்கவில்லை, போர்டை அணைத்தாள்.

"நீங்க கத்தல. ஆனாலும் அவர் எழுந்துட்டார். அப்போ அவரை எழுப்பினது எது?"

பதில் தொமயீஸுக்கே தெரியாது. பதில் தெரியாத கேள்வியை ஒரு ஆசிரியர் கேட்டு லெமோனியா பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

சத்தத்தை அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும், கைபேசியைப் பள்ளியில் வெளியே எடுக்கக்கூடாது. ஆனால் தலைமையாசிரியரின் அலமாரியில் பதினைந்து டேப்லெட்டுகள் பெட்டியோடு கிடந்தன. யாராவது அதிகாரி வந்தால் வெளியே வரும், போனதும் உள்ளே போகும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

"உடைஞ்சா யாரும்மா பொறுப்பு?" என்றார் ஃபோடியாடிஸ்.

"உடைஞ்சா நான் சார். தூசி புடிச்சா நீங்க," என்றாள் தொமயீஸ்.

இரண்டைக் கொடுத்தார், பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற முகத்தோடு.

புதன்கிழமை காலை லெமோனியா ரொட்டிக்கடைக்குப் போனாள். அனெஸ்டிஸின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இத்தனை நாளாக ஜன்னலில் பார்த்த முகம்தான், ஆனால் இவ்வளவு களைத்த முகம் என்று அவளுக்குத் தெரிந்ததில்லை.

"என்ன வேணும்? கூலூரி ரொட்டியா? எள்ளு போட்டதா, போடாததா?"

"கூலூரி வேணாம் மாமா. உங்க பெட்ரூம் வேணும்."

"என்னது! என் மாமியாரையே அந்த ரூமுக்குள்ள விட்டதில்ல, உன்னை விடணுமா?"

"நான் வரல. இது மட்டும்தான் வரும்." டேப்லெட்டைக் காட்டினாள். "படமும் எடுக்காது, பேச்சையும் புடிக்காது. கேமரா மேல மிஸ் பிளாஸ்டர் ஒட்டிட்டாங்க. சத்தம் எப்போ எவ்வளவுன்னு கோடு மட்டும் போடும். எது உங்களை எழுப்புதுன்னு பாக்கணும்."

"அதுக்கு மிஷின் வேற வேணுமா? நீங்கதான்!"

"முந்தாநாள் நாங்க வாயே தொறக்கல மாமா. கையாலதான் பேசினோம்."

ஏதோ பதிலடி கொடுக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "அதான் எனக்கும் புரியல," என்று முணுமுணுத்தார். பிறகு கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை வாங்கினார். கூலூரி ஒன்றையும் அவள் கையில் திணித்தார். "தின்னு. ஆனா ஒண்ணு, சனிக்கிழமை அது கழண்டே தீரும்."

அன்று மத்தியானம் ஒரு டேப்லெட் அவர் தலைமாட்டில், இன்னொன்று ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே. இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். கத்தினார்கள், ஓடினார்கள், பந்தைத் தட்டினார்கள், வளையத்தில் போட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தார்கள், அப்போதுதானே எதற்கு எது என்று தெரியும். ஜன்னல் திறந்தது, வசவு விழுந்தது. அதுவும் பதிவானது.

வியாழக்கிழமை வகுப்பில் போர்டின் மேல் ஒரு பக்கம் படமும் இன்னொரு பக்கம் கோடும் ஓடின. முதலில் பெரிய பெரிய மலைகள், ஒரே சீராக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"மிஸ், பூகம்பமா?" என்றான் ஸ்டெர்கியோஸ்.

படத்தில் மைதானம் காலியாக இருந்தது. தொமயீஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இல்லப்பா. மனுஷன் குறட்டை விடுறார்."

வகுப்பு இடிந்து விழுகிறமாதிரி சிரித்தது. அதற்கப்புறம் பிள்ளைகள் கத்திய இடம் வந்தது. குறட்டை மலைகளுக்கு நடுவே கோடு அசையவே இல்லை. பந்து தரையில் தட்டுப்பட்ட இடத்தில் லேசான சலசலப்பு. லெமோனியாவின் மனசு துள்ளியது. ஜெயித்துவிட்டோம்! அடுத்த நொடி, படத்தில் அவளே குதித்துப் பந்தை எறிந்தாள். பந்து வளையத்துக்குப் பின்னாலிருந்த இரும்புப் பலகையில் மோதியது. கோடு ஊசியாக எழும்பி நின்றது. மறுபடி எறிந்தாள், மறுபடி ஊசி. மூன்றாவது ஊசியில் குறட்டை நின்றது. வளையம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

பலகையில் மோதுகிற அதிர்ச்சி இரும்புக் கை வழியாகப் போல்ட்டுக்கும், போல்ட் வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாக அனெஸ்டிஸின் தலையணைக்கும் போயிருக்கிறது. புத்தகத்தில் 'திடப்பொருளில் ஒலி' என்று ஒரு பத்தி உண்டு. அதை லெமோனியா மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அது இந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

"செத்தோம்," என்றான் ஸ்டெர்கியோஸ். "மிஸ், பாதியை வெட்டிடலாம். குறட்டையை மட்டும் காட்டுவோம். ஊரே சிரிக்கும். அந்தாளு கேஸை வாபஸ் வாங்கிட்டு ஓடிருவாரு."

"கிராஃப் உங்களோடது. வெட்டணும்னா வெட்டுங்க," என்றாள் தொமயீஸ். "ஆனா வெட்டினதுக்கப்புறம் அதை கிராஃப்னு சொல்லிக்கிட்டு என் முன்னாடி வராதீங்க."

எல்லோரும் லெமோனியாவைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்தச் சிவந்த கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. தின்ற கூலூரி வேறு.

"வெட்ட வேணாம். முழுசா காட்டுவோம்," என்றாள். "ஆனா அதுக்குள்ள இதைச் சரி பண்ணணும்."

பள்ளி விட்டதும் துறைமுகத்துக்கு ஓடினாள். அப்பாவின் படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய படகு கல்மேடையில் மோதியும் சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். பக்கவாட்டில் தொங்கிய பழைய டயர்கள் மோதலை வாங்கிக்கொண்டன. லெமோனியா அங்கேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! ஒரு டயர் குடுங்க!"

"எதுக்குடீ? படகு வாங்கிட்டியா?"

அப்பாவே ஸ்பேனரோடு வந்தார். ஆனால் அனுமதியில்லாமல் போல்ட்டைத் தொடலாமா? தொமயீஸ் ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். "கழட்டணும்னுதானே சார் சொல்லியிருக்கார்? நாம கழட்டத்தான் ஆரம்பிக்கிறோம்." போல்ட்டை அவிழ்த்து, இரும்புக் கையின் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே டயர் துண்டுகளை வைத்து இறுக்கினார்கள். அனெஸ்டிஸின் தலைமாட்டு டேப்லெட் மறுபடி கோடு போட்டது. ஊசி குறைந்திருந்தது, ஆனால் பாதிதான். அனெஸ்டிஸ் அன்றும் எழுந்தார், அன்றும் திட்டினார்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லெமோனியா முள்கரண்டியால் மீனைக் கிளறிக்கொண்டே இருந்தாள். தகட்டுக்குப் பின்னால் ரப்பர் இருக்கிறது. அப்புறம் எப்படி மீதிச் சத்தம் போகிறது? தகட்டைத் துளைத்துக்கொண்டு சுவருக்குள் போகிற போல்ட்! இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. போல்ட்டுக்கே ரப்பர் சட்டை போட வேண்டும், தலைக்கு அடியிலும் ரப்பர் வளையம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த வேலை முடிந்தபோது கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. அளந்து பார்க்க நேரமில்லை. கை முழுக்க கறுப்புக் கறையோடு லெமோனியா போர்டின் முன்னால் நின்றாள். முதல் வரிசையில் அனெஸ்டிஸ், மடித்த நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தார். அவள் கோட்டை ஓடவிட்டாள். மலைகள் வந்தன.

"அது என்ன அவ்வளவு பெரிசா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

ஸ்டெர்கியோஸ் வாயைப் பொத்திக்கொண்டான். அனெஸ்டிஸின் காது சிவந்தது.

"அது எங்க கேள்விக்குச் சம்பந்தமில்லாத சத்தம்," என்றாள் லெமோனியா. "எங்க சத்தம் இதோ, இந்த ஊசி. மாமா சொன்னது சரிதான். அவரை எழுப்பினது எங்க வளையம்தான்."

"ஒத்துக்கிட்டியே, போதும்மா," என்று ஃபோடியாடிஸ் எழுந்தார். "நாளைக்குக் கழட்டிடலாம்."

"சார், இப்போதான் அதை மாத்தியிருக்கோம். நாங்களே இன்னும் அளக்கல. ஒரு தடவை வந்து கேட்டுட்டு அப்புறம் கழட்டுங்க."

"எங்க வந்து?"

அனெஸ்டிஸ் நோட்டீஸை இன்னொரு மடிப்பு மடித்தார். அந்த மலைகளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் நாளைக்குக் கடைவாசலில் சின்னப் பையன்கூட குறட்டை விட்டுக் காட்டியிருப்பான். எழுந்து மேல்சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வாங்க எல்லாரும். படுக்கை விரிப்பு மடிக்காம கிடக்கும், யாரும் என் பொண்டாட்டிகிட்ட சொல்லக்கூடாது."

பெற்றோர் கூட்டம் மொத்தமும் ரொட்டிக்காரரின் படுக்கையறையில் போய் நெருக்கியடித்து நின்றது. டேப்லெட்டை ஃபோடியாடிஸே இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். தொமயீஸும் உள்ளே இருந்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே லெமோனியா தனியாக நின்றாள். வளையத்துக்குள் நேராகப் போட்டு ஏமாற்றக்கூடாது, வேண்டுமென்றே பலகையில் அடித்தே போட வேண்டும். முதல் பந்தை எறிந்தாள். பலகையில் மோதி வளையத்துக்குள் விழுந்தது. ஜன்னல் திறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள். சாத்திய ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. கோடு ஏறுகிறதா? ஃபோடியாடிஸ் தலையாட்டுகிறாரா? நெஞ்சு அடித்த அடியில் எறிந்த பந்துகளின் கணக்கே விட்டுப்போனது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, பந்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

ஜன்னல் படாரென்று திறந்தது. அனெஸ்டிஸ் தலையை நீட்டினார்.

"ஏ பொண்ணு! எவ்வளவு நேரம்தான் நிக்கிறது? எனக்கு மாவு பிசையணும். பந்தைப் போடேன்!"

லெமோனியா பந்தை உயர்த்திக் காட்டினாள்.

"போட்டுட்டேன் மாமா," என்றாள். "எல்லாத்தையும் போட்டுட்டேன்!"

அனெஸ்டிஸ் திரும்பி உள்ளே பார்த்தார். ஃபோடியாடிஸ் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். கோடு பாய் விரித்ததுபோலப் படுத்திருந்தது, ஒரு முள்கூட எழவில்லை. அடுத்த கணம் அந்தச் சின்ன அறையிலிருந்து எழுந்த கூச்சலில் தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. லெமோனியாவின் அப்பா கட்டில் மேலேயே ஏறிவிட்டார். தொமயீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஃபோடியாடிஸ் என்ன நினைத்தாரோ, டேப்லெட்டின் மேல் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் மூலையை நகத்தால் கிளப்பி, சர்ரென்று உரித்துப் போட்டார்.

"சத்தம் போடாதீங்கய்யா!" என்று அனெஸ்டிஸ் அத்தனை பேரையும் பார்த்துக் கத்தினார். கையிலிருந்த வக்கீல் நோட்டீஸைக் கசக்கி உருட்டி, ஜன்னல் வழியாக வளையத்தைக் குறிபார்த்து எறிந்தார். அது பாதி தூரம்கூட வரவில்லை.

"மாமா, மணிக்கட்டை மடக்கி எறியணும்," என்றாள் லெமோனியா. "நாளைக்கு மத்தியானம் தூங்கி எழுந்ததும் வாங்க, சொல்லித் தர்றேன்."