ஏழாம் எண் துளை

"தஞ்சாவூரை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. சோழன் கோயில் கட்டினான், வெள்ளைக்காரன் ரயில் விட்டான், கட்சிக்காரங்க கொடி நட்டாங்க. எல்லாம் மேல்தோல்லதான். உள்ளே போகப்போற முதல் ஆள் நான்" என்றான் துரைராசு.

விடுதிச் சாப்பாட்டு அறையில் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது சொன்னான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நாங்களும் சிரிக்கவில்லை. முதுகலை நிலவியலில் அவன்தான் வகுப்பிலேயே முதல். சாம்பாரும் வந்தபாடில்லை.

டெல்டாவுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க ஒரு கூட்டுத் திட்டம் வந்திருந்தது. அரசுத் துறை பழைய துளைகளின் விவரங்களையும் அனுமதியையும் கொடுத்தது. கம்பெனி துளைபோடும் வண்டியையும் மதியப் பிரியாணியையும் கொடுத்தது. எங்கள் கல்லூரி மூளையைக் கொடுத்தது. அதாவது துரைராசுவையும், அவன் பையைத் தூக்க என்னையும். நிலத்தை யாரும் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே கிடந்ததால் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். குறுவை போயிற்று, சம்பாவும் சந்தேகம்தான். வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு விதி வைத்திருந்தார்கள்: பயிர் நிற்கும் வயலில் வண்டி இறங்காது, தரிசில் மட்டும் இறங்கும். மனிதாபிமானமான விதி என்றார் எங்கள் பேராசிரியர் குஞ்சிதபாதம். தண்ணீர் இல்லாத வருஷத்தில் மனிதாபிமானத்துக்குச் செலவே கிடையாது.

ஏழாம் எண் துளை ரெங்கம்மாள் என்பவளின் வயலில் விழுந்தது. நாங்கள் இடம் குறித்துக் குச்சி அடிக்கப் போன காலையில் அவள் புழுதியில் குழி பறித்து, குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி விட்டு, நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். போர்செட்டுக்காரர் யாரிடமோ கெஞ்சி வாங்கிய நாற்று.

துரைராசு வரப்பில் நின்று பார்த்தான். "ஏன் அத்தை, நெல்லுக்குத் தாகமா இருக்குமே. டீ வாங்கியாரவா?"

"வாங்கியா தம்பி. நெல்லு குடிக்காட்டி நான் குடிக்கிறேன்."

"சாயந்தரத்துக்குள்ள கருகிடும்."

"வண்டி மத்தியானந்தானே வருது?"

அன்று மத்தியானம் விடுதியில் துரைராசு இதை நடித்தே காட்டினான். லுங்கியை மடித்துக் கட்டி, குனிந்து, பின்னாலேயே நடந்து, இல்லாத நாற்றைச் சிமெண்ட் தரையில் நட்டான். "நிலக்கரிக்கு எதிரா நடவு!" என்றான். பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குலவை போட்டேன்.

ஆனால் விதி விதிதானே. பயிர் வந்துவிட்டது, துளையை நகர்த்தியாக வேண்டும். மடிக்கணினியில் செயற்கைக்கோள் படத்தை விரித்து, புள்ளியை வாய்க்காலுக்கு அப்பாலிருந்த பழுப்புக் கட்டத்துக்கு இழுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் மூன்று கையெழுத்தும் விழுந்தன. கூட்டு முயற்சி என்றால் இதுதான் என்று பேராசிரியர் பூரித்துப்போனார்.

மறுநாள் புதிய இடத்தில் குச்சி அடிக்கப் போனோம். கருவியைப் பார்த்தபடியே முன்னால் நடந்த துரைராசு, இடி விழுந்து மொட்டையாய் நின்ற ஒரு பனைமரத்தடியில் நின்றுவிட்டான்.

"என்னடா?"

"எங்க வயலு."

வாய்க்காலைத் தாண்டினால் அவன் ஊர். ஆனால் எப்போதும் பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் வருவான். ஆகாயத்திலிருந்து வந்து பழக்கமில்லை. கோயில் நிலம். கூலிக்காரராக இருந்த அவன் தாத்தா கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய குத்தகை. இப்போது அது அவன் அம்மா பூவம்மாளின் பேரில் இருக்கிறது. ஊரில் வேலை இல்லாததால் அவள் திருப்பூரில் மகள் வீட்டில் தங்கி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் போன் போட்டான். அவள் பேசுவது எனக்கும் கேட்டது.

"தரிசுன்னு எழுதிட்டாங்களா?"

"ம்."

"யாரு எழுதுனது?"

துரைராசு கையிலிருந்த கருவியை அணைத்துப் பையில் போட்டான்.

"கோயில் ஆபீசு இதுக்குத்தான்டா காத்துக் கெடக்கு. ஒருக்கா தரிசுன்னு ஏறிட்டா குத்தகைய புடுங்கிருவாங்க. எதையாச்சும் நடு தொரை. நான் பஸ் ஏறி வந்து சேர்றதுக்குள்ள போயிரும்டா. எதையாச்சும் நடு."

அடுத்து பேராசிரியருக்குப் போட்டான்.

"பயிர் நின்னாத்தான் கையெழுத்துல நகர்த்தலாம். சும்மா நகர்த்தணும்னா மூணு பேரும் மறுபடி கூடணும்ப்பா. அடுத்த கூட்டம் தையிலதான்."

"வண்டி நாளைக்கு வருது சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் காலை அவன் கட்டில் காலியாக இருந்தது. பஸ் பிடித்துப் போனேன். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மொட்டைப் பனைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். எங்கள் பக்கம் நாற்றுப் பறிப்பதுதான் ஆண்பிள்ளை வேலை. நட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கிறதற்கு இரண்டு பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் சிரிக்கவில்லை.

நாற்று ரெங்கம்மாள் கொடுத்த மிச்சம். நுனி அப்போதே மஞ்சளித்திருந்தது. குழி, ஒரு கை தண்ணீர், ஒரு கொத்து நாற்று, பின்னால் ஓர் அடி. விடுதியில் நடித்த அதே நடைதான். குடத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"டீ சொல்லவா தம்பி?" என்றாள் ரெங்கம்மாள், வரப்பிலிருந்து.

"சொல்லுங்க அத்தை" என்றான், நிமிராமல்.

மெயின் ரோட்டில் வண்டி கியர் மாற்றித் திரும்பும் சத்தம் கேட்டது. வயலில் கால்வாசிகூட முடியவில்லை. துரைராசு திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாற்று முடிச்சுக்குக் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.