நாலு கட்டத்தில் ஒரு முகம்

“எதுக்கு அதைத் தொட்டே?” எங்கள் மாடியில் குடியிருந்த பிளஸ்ஸன் கத்தினான்.

“ஏன் சத்தம் போடுதிய? கீழ ஆன்ட்டி நிக்காங்க” என்றாள் அவன் மனைவி ஜெயசுந்தரி.

நின்றுகொண்டுதான் இருந்தேன். மாடிப்படிக் கைப்பிடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கொடி காலியாகக் கிடந்தது, அது வேறு விஷயம்.

பிளஸ்ஸனுக்கு மாதாப்பூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் அணில் வாலுக்குப் பளபளப்பு ஏற்றுவான். வீட்டுக்கு வந்தால் அதே சாஃப்ட்வேரில் நேர்மாறான வேலை. முப்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம் போல, பதினாறே நிறத்தில், கட்டம் கட்டமாக ஒரு குட்டிப் படம். புது மிஷினை வாங்கிப் பழைய மிஷின் மாதிரி எதற்குப் படம் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அதுதான் அழகாம். செகந்திராபாத்திலேயே வளர்ந்த பிள்ளை, அழகைப் பற்றி அவனோடு வாதாட முடியுமா?

படத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பெண். சுந்தரிதான். உதட்டோர மச்சம் வரை அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் செதுக்கினான். நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த பிறகு அவன் அவளை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதானாம். அவளே என்னிடம் சொன்னாள். பிறகு எதையோ அழுத்தி, அந்த முகத்தை நாலு கட்டமாக்கிவிட்டான். எதை அழுத்தினான் என்பதை அவள் பார்த்து வைத்துக்கொண்டாள்.

இந்த மாதிரிப் படங்களுக்கென்றே ஒரு போட்டி உண்டாம், அதற்கு அனுப்பச் சத்தம் கேட்ட அன்று சாயங்காலம்தான் கடைசி. படம் முழுசாக உருவாகி வர ஒரு பகல் ஆகும் என்று காலையில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு ஆபீஸ் போனான். அவள் அதை நிறுத்தி, கட்டங்களை எடுத்துவிட்டு, மறுபடி ஓடவிட்டாள். அவன் திரும்பி வந்து பார்த்தால் படம் முழுக்க வழவழ. ஜன்னலில் சுந்தரி, மச்சத்தோடு. புதிதாக ஓடவிட நேரமில்லை.

“முகம் தெரிஞ்சா அது பழைய படமே இல்ல, சுந்தரி.”

“அப்பம் என் மூஞ்சி தெரியாமத்தான் வேணும் உங்களுக்கு.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காத்துக்கொண்டு நின்றேன், துணியே காய்ந்துவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாசரேத் போன சுந்தரி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருஷப் போட்டியில் கட்டம் போட்ட படத்துக்கே பரிசு கிடைத்தது. புனேயில் ஒரு கேம் கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. எங்கள் சர்ச்சில் யாரும் பிரிந்துவிட்டார்கள் என்று சொல்வதில்லை. இருவருக்கும் ட்ரான்ஸ்பர் என்பார்கள்.

மாடிக்கு இப்போது சந்தானம், அஸ்வினி என்று புதுத் தம்பதி. ஆளுக்கொரு லேப்டாப், ஒரு சத்தம் கிடையாது. நானும் துணியைக் கொடியிலேயே காயப்போடுகிறேன்.