தேர்ந்தெடுக்கப்பட்ட கதவு

"கம்ப்யூட்டர் குலுக்கித் தேர்ந்தெடுத்த கதவுக்குப் பின்னாலதான் உண்மை இருக்கு. பக்கத்துக் கதவுக்குப் பின்னால இருக்கிறது வெறும் ஆளு."

பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னவனுக்குச் சதவீதம் என்று பெயர். வாயைத் திறந்தால் அதிலிருந்து ஒரு சதவீதமாவது உதிரும் என்பதால் ஆய்வு நிறுவனத்தில் வைத்த பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். மறுத்துப் பேசும் தெம்பு யாருக்கும் இல்லாததால், இதுவே கொள்கையாக நிலைபெற்றது.

ஆய்வின் தலைப்பு, 'உழைப்பவர்களின் ஓய்வு'. கொடுத்த எண்ணுள்ள வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும், மறுபடியும் பூட்டியிருந்தால் மறுபடியும். வேறு வழியே இல்லையென்றால்தான் பக்கத்து வீடு. அப்படிச் செய்தால் கையிலிருக்கும் கருவியில் 'மாற்று வீடு' என்று அழுத்த வேண்டும்.

இந்த வேலையிலேயே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இப்போது குடையை ஊன்றி நடக்கும் குடை அக்கா, இரண்டாம் முறை பூட்டைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு மணியை அடித்துவிடுவாள். சதவீதத்துக்கு அது பொறுக்காது. தேநீர் இடைவேளையில் அவளைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, மேசையைத் தட்டிக் காட்டுவான்.

"சார், பக்கத்து வீட்ல மாடா உழைக்கிறாங்க. அவங்க சார்பா நீங்க களைச்சுப் போயிருக்கீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே அக்காவும் சிரிப்பாள்.

"யோசிச்சுப் பாருக்கா. பகல்ல கதவைத் திறக்கிறவன் யாரு? சும்மா இருக்கிறவன். அவனைப் போய்க் கேட்டா, ஊரே நல்லாத் தூங்குதுன்னுதான் முடிவு வரும்."

"உனக்கு இன்னும் முட்டி இருக்கு தம்பி. பேசு, பேசு."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் அவனிடம் இருந்த மிகப்பெரிய தொல்லை.

அவன் பகுதி மட்டும் ஒரு மாற்று வீடுகூட இல்லாமல் முடிந்தால், அவனை மேற்பார்வையாளர் ஆக்குவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். மேற்பார்வையாளர் என்றால் நாற்காலி. மற்றவர்கள் நடப்பார்கள், இவன் உட்கார்ந்துகொண்டு ஏன் நடக்கவில்லை என்று கேட்பான். கால் கடுக்கும்போதெல்லாம் சதவீதம் அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வான்.

கடைசியில் ஒரே ஒரு வீடு பாக்கி நின்றது. மூன்றாம் மாடி, மூலை. காலையில் போனால் பூட்டு. மாலையில் போனாலும் பூட்டு. விடுமுறை நாளில் போனால் அதே பூட்டு, இன்னும் கொஞ்சம் அலட்சியமாகத் தொங்கியது. ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தலையை நீட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னைக் கேளுங்களேன் தம்பி. எனக்கு அபிப்பிராயம் நிறைய இருக்கு."

"உங்களைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கல சார்."

"என்னை எவன்தான் தேர்ந்தெடுத்தான்" என்று அவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அவனுக்குக் கொடுத்த கெடுவின் கடைசி நாள் மதியம் அந்தக் கதவில் பூட்டு இல்லை. சதவீதம் தட்டினான். வெகு நேரம் கழித்து ஒரு பெண் திறந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. ஒரு கண்தான் திறந்திருந்தது. அதுவும் கடமைக்கு.

"ஓய்வைப் பத்தி ஒரு ஆய்வு, அக்கா. முக்கால் மணி நேரம் ஆகும்."

"ராத்திரி ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற வேலை. சாயங்காலம் ஒரு வீட்ல குழந்தை பாத்துக்கணும். நடுவுல இதான் நேரம்..." என்றவள், அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள். "பாவம், வெயில்ல வந்திருக்கீங்க. கேளுங்க."

வாசலிலேயே உட்கார்ந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். சதவீதம் முதல் கேள்வியை வாசித்தான்.

"கடந்த வாரத்தில் உங்களுக்குப் போதுமான தூக்கம் கிடைத்ததா? எப்போதும், பெரும்பாலும், சில சமயம், அரிதாக..."

'ஒருபோதும் இல்லை'க்கு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

தொண்டையைச் செருமினான். "ஆமா ஆமா, சொல்லுங்க" என்று திடுக்கிட்டு விழித்தாள். மறுபடி வாசித்தான். இம்முறை 'சில சமயம்' வரைகூடத் தாங்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பார்த்ததைப் பதியக் கூடாது, சொன்னதைத்தான் பதிய வேண்டும் என்பது விதி. வகுப்பில் அதையும் உரக்கச் சொன்னவன் அவன்தான். முடிக்காமல் விட்டால் நாளைக்கே வேறொருவரை அனுப்புவார்கள். அவர் வந்து எழுப்புவார். முடிக்க வேண்டுமென்றால் இவனே எழுப்ப வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடவை.

சதவீதம் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றான். நாற்காலி கண்ணெதிரில் வந்து நின்றது. அவளைப் பார்த்தான். மெல்ல ஒரு முறை கூப்பிட்டான்.

"அக்கா, உள்ள போய்ப் படுங்க. முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? எல்லாம் சரியாச் சொன்னேனா?"

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க."

கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. சதவீதம் கருவியை எடுத்து, 'மாற்று வீடு' என்பதை அழுத்தினான். உறுதியா என்று அது கேட்டது. அதையும் அழுத்தினான்.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவை விரல் நுனியால் தட்டினான். பெரியவர் பரபரவென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட, அவன் பாய்ந்து அதன் காலைப் பிடித்துத் தூக்கினான்.

"வாங்க தம்பி, வாங்க! என்ன கேக்கப் போறீங்க?"

"சொல்றேன் சார்" என்றான் சதவீதம், உட்காராமல். "பதிலை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. பக்கத்துல தூங்கறாங்க."