கரை இல்லாத ஆறு நாட்கள்

ஊர் ஆற்றின் இரண்டு கரைகளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கிளம்பிப் போய்விட்டன. படிக்கட்டு, சிமெண்டு பெஞ்சு, விளக்குக் கம்பங்கள், 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற பலகை, அந்தப் பலகைக்குக் கீழே கிடந்த குப்பை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயின. பாலம் மட்டும் யாரோடு போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு கிலோமீட்டர் வரை கூடவே போனார். பிறகு மரியாதையாக இறக்கிவிடப்பட்டார். காரணம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. சுவரெல்லாம் ஒட்டியிருந்த நகராட்சி உத்தரவிலேயே இருந்தது: 'ஆற்றில் உள்ள கரையை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும்.' அன்று ஏழாவது நாள். ஆற்றுக் கறையை அகற்றச் சொல்லி அதற்கு முன் பத்தொன்பது உத்தரவுகள் எழுத்துப்பிழை இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றையும் ஒரு ஈ எறும்புகூட மதிக்கவில்லை. பிழையோடு போன இருபதாவதுதான் குறித்த நாளில் நிறைவேறியது.

அதை டைப் அடித்தவள் நகராட்சி சுகாதாரப் பிரிவின் டைப்பிஸ்ட். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குப் பெயர் சின்னரா. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது மட்டும் அவள் மண்டையில் ஏறவே இல்லை. சந்தேகம் வந்தால் சின்னதைப் போடுவாள், சந்தேகம் வராவிட்டால் பெரியதைப் போடுவாள், இரண்டும் தப்பாக இருக்கும். அரை நாள் விடுப்பு கேட்க நினைத்து அவள் 'அறை நாள் விடுப்பு' கேட்டபோது அலுவலகமே கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரங்கல் கூட்டத்தை 'இறங்கல் கூட்டம்' என்று அறிவித்தபோது மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கீழே இறங்கி வந்து நின்றார்கள். நகராட்சி ஆணையர் அவள் நீட்டும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். தன்மேல் உள்ள நம்பிக்கை என்று அவள் அதை நினைத்திருந்தாள்.

அவள் கணவர் சாயப்பட்டறை மாஸ்டர். ஊரின் கடைசித் தெருவில் முன்னால் பட்டறை, பின்னால் வீடு. துணியில் பிடித்தது போக மிச்சச் சாயம் அலசும் தண்ணீரோடு வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குப் போகும். இருபது வருடமாக அப்படித்தான். அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "தண்ணியில விட்டா கரைஞ்சு போயிடும்மா. கரைஞ்சதுக்கப்புறம் அது ஏது?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கரைந்தது என்றால் காணாமல் போனது என்றுதான் ஊரில் அத்தனை பேரும் அர்த்தம் வைத்திருந்தார்கள். ஆனால் மாஸ்டருக்கு உள்ளூர ஒரு ஏக்கம் இருந்தது. மகள் பிறந்த வாரம், தூக்கம் இல்லாத கண்ணோடு, அவர் ஒரு நீலம் கலந்தார். அளவைக் குறித்துவைக்கவில்லை. அதில் தோய்த்த ஒரே துணி மகளின் தொட்டிலில் கிடந்து நைந்து நூலாகிப் போனது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கலந்து பார்த்தும் அந்த நீலம் கூடி வரவில்லை. கடைசியில் வெறுத்துப்போய் நீலத்தையே விட்டுவிட்டார். பதினாறு வருடமாக யார் வந்து நீலம் கேட்டாலும் "ஸ்டாக் இல்லைங்க" என்பார்.

கரை போன ஆறு ஊரை மூழ்கடிக்கும் என்று பயந்து முதல் நாள் பாதிப் பேர் மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆறு கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. நிதானமாகத் தெருத் தெருவாக நடந்தது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்தது, சாத்தியிருந்தால் வாசலில் காத்திருந்தது. கரை போனதும் ஆற்றடி வண்டலின் பிடி தளர்ந்துவிட்டது. அதில் இத்தனை வருடம் ஒட்டிக்கிடந்ததெல்லாம் எழுந்து, யார் கொட்டினார்களோ அவர்களைத் தேடிப் புறப்பட்டது. மிதப்பது முதலில் வந்தது. பதினொரு வருடமாக மெக்கானிக் சாக்கடையில் ஊற்றிய பழைய எஞ்சின் ஆயில் ஒரு பாயைப்போல் விரிந்து அவர் ஷெட்டுக்குள் நுழைந்தது. அவர் கரண்டியால் வழித்து ஏழு பீப்பாய் நிரப்பினார். மூன்றாவது தெருவுக்கு அந்தத் தெருவின் சோப்பு நுரை மொத்தமும் மார்பளவு வந்தது; பெரியவர்களே வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஆட்டம் போட்டார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு அவர் ஃபிலிம் கழுவிக் கொட்டிய தண்ணீரில் இருந்த வெள்ளி வந்தது. அதை உருக்கி ஒரு கரண்டி செய்து, அதை வைத்துத்தான் இன்றுவரை டீ கலக்குகிறார்.

கொசு மருந்து விற்றவருக்கு வந்ததுதான் விசேஷம். அவர் முப்பது வருடத்துக்கு முன் விற்ற பொடி தண்ணீரில் கரையாத ஜாதி. அது கொழுப்பில் குடியேறிவிடும். சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்ற மீனில் நிறைய, அதையும் தின்ற மீனில் மூட்டைக் கணக்கில். ஆகவே அது ஒரு கிழட்டு மீனாக வந்தது. ஆள் நீளம் இருந்த அந்த மீன் அவர் வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவர் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, "தெரியாம பண்ணிட்டேன்பா, மனசுல வெச்சுக்காத" என்றார். மீன் மூன்று முறை இருமி வெள்ளைப் பொடியை அவர் வைத்த டப்பாவில் கக்கியது. பிறகு இடுப்பு மெலிந்து, இளவட்டமாகத் துள்ளிக்கொண்டு போனது. புதன்கிழமைக்குள் ஆறு பாதி எடை குறைந்துவிட்டது. அது திரும்பிய தெருக்களில் தண்ணீர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொட்டியதை மறுபடி கொட்டிப் பார்த்த ஒன்றிரண்டு புத்திசாலிகளுக்கு மறுநாள் காலை அது பல் தேய்க்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

ஆணையருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கரை இல்லாத ஆறு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கனவே வாளியோடு எல்லையில் நிற்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் அவரைக் காய்ச்சி எடுத்திருந்தது. வியாழக்கிழமை காலை அவர் சின்னராவைக் கூப்பிட்டார். "இங்க பாருங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திருத்தின உத்தரவு போகணும். கரை திரும்பி வரலேன்னா நீங்களும் இந்த ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டாம்." அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வேலை போய்விடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. சாயம் லேசில் வண்டலை விட்டு வராது. அது கடைசியாகத்தான் கிளம்பும். ஆறு அவள் தெருவுக்கு வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் கரை வந்து உட்கார்ந்துவிட்டால் இருபது வருடச் சாயமும் வண்டலுக்கடியில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் மாஸ்டர் பட்டறை வாசலில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு நாள் கதவைத் தாழ் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர்.

"ஏம்மா, எல்லாருக்கும் எல்லாம் வருதே. அந்த நீலமும் வருமா?"

"கரைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க?"

"கரைஞ்சுதான் இருக்கும்." அவர் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். "போயிருக்கணும்னு இல்லையே."

இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்க நினைத்த வாக்கியம் அதுதான். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. பட்டறைத் தொட்டிகளைக் கழுவிக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அவள் டைப் அடிக்க உட்கார்ந்தாள். ஆணையர் சொன்ன வாக்கியம் இது: 'கரையை உடனே உரிய இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.' விரல் விசைக்கு மேல் நின்றது. எது சின்ன ர, எது பெரிய ற என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லாமல் தெரிந்தது. தெரிந்தே தப்பானதை அடித்தாள். 'கறையை உடனே உரிய இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.' ஆணையர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்குச் சுவரில் ஒட்டினார்கள். ஐந்தேகாலுக்கு ஆறு நடுத்தெருவில் நின்று, யோசித்து, கடைசித் தெருவைப் பார்த்துத் திரும்பியது.

வெயில் இருக்கும்போதே சாயங்கள் வந்துவிட்டன. சிவப்பு முதலில், பிறகு மஞ்சள், பச்சை, ஒன்றோடொன்று கலக்காமல் வரிசையில் வந்து, ஒவ்வொரு தொட்டியாக ஏறி அடங்கின. சனிக்கிழமை காலை வரை மாஸ்டரும் மகளும் தொட்டி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு ஒவ்வொன்றும் எந்த வருடத்து எந்த ஆர்டர் என்று நினைவு வந்துகொண்டே இருந்தது. எல்லாம் வந்து முடிந்தபின் கடைசியில் ஒரு வாளி அளவு நீலம் வந்தது. பட்டறைக்குள் நுழைந்து, வழி தெரிந்ததுபோல் நேராக மகளின் கால்களைச் சுற்றி நின்றது. மாஸ்டர் வாய்விட்டு அழுதார். ஒரு வெள்ளைத் துணியை அதில் தோய்த்து எடுத்து, மகள் தோளில் போட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்து மறுபடியும் அழுதார். அன்று மத்தியானமே வாய்க்கால் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையின் தண்ணீர் மூன்று தொட்டிகளில் தெளிந்து, திரும்பத் திரும்ப அலசவே பயன்படுகிறது.

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். சின்னரா பன்னிரண்டு மணிக்குள் கரையைத் திரும்பி வரச் சொல்லி, சரியான எழுத்தைப் போட்டு, கையெழுத்து வாங்கி ஒட்டச் செய்தாள். திங்கட்கிழமை காலை கரைகள் வந்தன. கடலைப் பார்க்கப் போயிருந்தனவாம். படிக்கட்டெல்லாம் மணல், பெஞ்சுகளில் சிப்பி, கொஞ்சம் கறுத்தும் போயிருந்தன. ஆறு அலுத்துக்கொள்ளாமல் நடுவில் போய்ப் படுத்தது. ஆணையர் பேன்ட்டை மடித்துவிட்டுத் தெளிந்த தண்ணீரில் இறங்கி, தன் பத்துக் கால்விரல்களையும் எண்ணிப் பார்த்தார். விவரம் தெரிந்து அவர் ஒரு மெமோ அனுப்பினார். கைப்பட எழுதியிருந்தது: 'வெள்ளிக்கிழமை நடந்த தவருக்கு விளக்கம் தறவும்.' சின்னரா அதை இரண்டு முறை படித்தாள். இத்தனை வருடம் அவர் ஏன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்பது அவளுக்கு விளங்கியது. எழுந்து போய் அவர் மேஜையில் மெமோவை வைத்து, இரண்டு எழுத்துகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டாள். அவர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை ஆறு கடைசித் தெருவுக்கு வந்துபோகிறது. திருப்பித் தர அதனிடம் எதுவும் இல்லை, சும்மாதான் வருகிறது. பட்டறை வாசலில் அதற்கென்று ஒரு நீலத் துணியை மிதியடியாகப் போட்டிருக்கிறார்கள். ஆறு அதில் நின்று ஈரத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும்.